கண்மாய்க் கணக்கு கடலுக்கு ஒத்துவருமா? மீன்பிடி முறைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஏப்ரல் பாதி தாண்டிவிட்டால் மதுரை கரிமேடு மீன் மார்க்கெட்டில் ஒரே பேச்சுதான். "தடைக்காலம்ணே, சீலா வரத்தே இல்ல" என்பார் கடைக்காரர். விலையைக் கேட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அணை மீன் பக்கம் நகர்வார். "எல்லாம் அந்தப் பெரிய போட்டுக்காரங்க அள்ளிட்டுப் போனதால வந்தது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "கடல் என்ன நம்ம ஊர்க் கண்மாயா, வத்திப்போறதுக்கு?" என்று இன்னொருவர் மடக்குவார். வீட்டுக்கு வந்து செல்போனைத் திறந்தால், மீன் சாப்பிடுவதே பாவம் என்று ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே எல்லா மீன்பிடிப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. தரையை உரசிப் போகிற வலையும், நடுத்தண்ணீரில் தொங்குகிற வலையும், ஒற்றைத் தூண்டிலும் கடலுக்குச் செய்வது ஒன்றல்ல. எந்த வலை, எந்த ஆழத்தில், எந்த மீனை, எந்த வயதில் பிடிக்கிறது என்று கேட்டால்தான் பாதிப்பைப் பற்றிப் பேசவே முடியும். கடலைவிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மீனைத் தராசில் மட்டுமே பார்க்கிற நமக்கு இந்தக் கேள்விகள் எளிதில் தோன்றுவதில்லை. நமக்குப் பழகிய நீர்நிலையிலிருந்தே தொடங்கலாம்.

கண்மாயில் அள்ளுவது ஏன் தப்பில்லை

மேலூர், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரிப் பக்கத்து ஊர்களில் பங்குனியிலிருந்து வைகாசிக்குள் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். அப்போது நாள் குறித்து மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள். விடியுமுன்பே சுற்றுப்பட்டு ஊர்ச்சனம் கரையில் கூடிவிடும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, பரி, கொசுவலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு எல்லோரும் இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, குரவை, ஜிலேபி என்று பெரிசு சிறிசு பார்க்காமல் பிடிப்பார்கள். மதியத்துக்குள் கண்மாய் ஏறக்குறையக் காலி.

யாரும் இதைத் தப்பென்று சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. பிடிக்காமல் விட்டாலும் அந்தத் தண்ணீர் இன்னும் கொஞ்ச நாளில் வற்றத்தான் போகிறது; மிச்ச மீன் கொக்குக்கும் வெயிலுக்கும்தான். மழை பெய்து வரத்துக்கால் ஓடினால் மேலேயிருந்து மீன் இறங்கி வரும். விராலும் குரவையும் ஈரச் சேற்றில் ஒளிந்து உயிர்பிழைத்து மறுபடி பெருகும். பற்றாததற்கு ஊராரோ குத்தகைக்காரரோ குஞ்சு வாங்கி விடுவார்கள். பிடிப்பதும் ஆண்டுக்கு ஒரு நாள், கைக்கருவியோடு.

கடலில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. கடல் வற்றாது, ஆகவே இன்றைக்குப் பிடிக்காமல் விட்ட மீன் வீணாகப் போவதில்லை, நாளைக்கு முட்டையிடும். மேலேயிருந்து மீன் இறங்கி வர அதற்கு மேலே இன்னொரு கடல் கிடையாது. குஞ்சு விட ஆள் கிடையாது. பிடிப்போ அநேகமாகத் தினமும், குதிரைத்திறன் கணக்கில். அடுத்த ஆண்டின் மீன் முழுவதும் இந்த ஆண்டு வலையில் தப்பிய தாய்மீன்களிடமிருந்தே வந்தாக வேண்டும். "கடல் என்ன கண்மாயா" என்று கேட்டவர் சொன்னது சரிதான். முடிவைத்தான் தலைகீழாக எடுத்துக்கொண்டார்.

மீன் எப்படிக் குறைகிறது

ஒரு கடற்பகுதியில் ஓர் இனத்து மீன் மொத்தமாக எவ்வளவு இருக்கிறதோ அதை மீன் இருப்பு என்பார்கள். புதுக்குஞ்சுகளாலும் வளர்ச்சியாலும் அது கூடும். இயற்கையாகச் சாவதாலும் நாம் பிடிப்பதாலும் குறையும். கூட்டம் நெருக்கமாக இருக்கும்போது இரைக்குப் போட்டி அதிகம். கொஞ்சத்தை எடுத்துவிட்டால் மிச்சம் வேகமாக வளர்ந்து இடத்தை நிரப்பும். ஆகவே ஒரு வரம்பு வரை பிடிப்பதால் கேடில்லை. வருடா வருடம் எடுத்தாலும் இருப்பு சரியாத அந்த அளவுக்கு நிலைத்த விளைச்சல் என்று பெயர். அதைத் தாண்டினால் மிகைப்பிடிப்பு. உலகில் கணக்கெடுக்கப்படும் மீன் இருப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிகைப்பிடிப்பில் இருக்கின்றன என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. மீதி இரண்டு பங்கு அப்படி இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மீன்பிடிப்பே கேடு என்று பேசும் வீடியோக்கள் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதில்லை.

மிகைப்பிடிப்பு இரண்டு வழியில் நடக்கும். வளர வேண்டிய இளம் மீனை வளருமுன்பே பிடிப்பது ஒன்று. ஆறு மாதம் விட்டிருந்தால் பல மடங்கு எடை ஏறியிருக்கக்கூடியதைச் சங்காயமாகக் கொட்டிவிடுவோம் (விலைபோகாத பொடி மீனை இராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்பார்கள்). முட்டையிட வேண்டிய தாய்மீன்களை அளவுக்கு மேல் எடுத்துவிடுவது இன்னொன்று. இது நடந்தால் மீள்வதற்கு நீண்ட காலம் ஆகும்.

எந்த மீன் எவ்வளவு தாங்கும் என்பது அதன் இனப்பெருக்கத்தைப் பொறுத்தது. மத்தி ஒரு வயதை ஒட்டியே முட்டையிடத் தொடங்கும். ஒவ்வொரு மீனும் ஆயிரக்கணக்கில் இடும். ஆயுளோ சில ஆண்டுகள்தான். நன்றாகக் குறைந்தாலும் கடல் ஒத்துழைத்தால் சீக்கிரம் தலையெடுக்கும். சுறா அப்படியல்ல. பெரும்பாலான சுறாக்கள் பருவத்துக்கு வரவே சில ஆண்டுகள் ஆகும். குட்டி போடும் பல இனங்கள் ஓர் ஈற்றில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் போடும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊற வேண்டுமென்று நம் வீடுகளில் சுறாப்புட்டு செய்து கொடுக்கிறோம். ஒரு கிலோ மத்தியும் ஒரு கிலோ சுறாவும் தராசில் ஒன்று, கடலில் ஒன்றல்ல.

மீன் குறைவதை நேரில் பார்க்க முடியாது என்பதுதான் இதில் பெரிய சங்கடம். கண்மாயில் தண்ணீர் கலங்கி மீன் தட்டுப்படாமல் போனால் அதே நிமிடம் தெரிந்துவிடும். கடலில் மொத்தப் பிடி பல ஆண்டுகள் ஒரே அளவில் நிற்கலாம். அதற்குள்ளேயே இருப்பு சரிந்துகொண்டிருக்கும். ஒரு துறையில் 100 படகுகள் ஒரு நாளைக்கு 10 டன் கொண்டுவந்தன என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகள் கழித்து 200 படகுகள், இருமடங்கு எஞ்சின் வலுவோடு அதே 10 டன் கொண்டுவருகின்றன. மார்க்கெட்டுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் படகுக்குக் கிடைப்பது பாதியாகிவிட்டது. ஒரு படகு ஒரு நாள் உழைத்தால் எவ்வளவு கிடைக்கிறது என்ற இந்தக் கணக்கை முயற்சி அலகுப் பிடி என்பார்கள். மீனவர்கள் இந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "முந்தி ரெண்டு மணி நேர ஓட்டத்துல கிடைச்சது, இப்ப ராத்திரி பூரா இழுத்தாலும் இல்ல" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீனுக்கு நடந்தது இதுவே. நூற்றாண்டுக் கணக்கில் பிடித்த மீன். இருப்பு கரைந்துகொண்டிருந்த காலத்திலும் எஞ்சிய மீன் கூட்டமாக ஒதுங்கியதாலும், கப்பல்களில் மீன் காட்டும் கருவி இருந்ததாலும் பிடி நன்றாகவே தெரிந்தது. 1992 ஜூலையில் கனடா அரசு அந்தத் தொழிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. 30,000 பேர் அளவில் வேலை இழந்தார்கள். வணிகத் தடையை விலக்க 2024 வரை ஆனது.

எல்லாக் குறைவுக்கும் வலையே காரணம் என்று முடிவுகட்டவும் கூடாது. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் 3,500 டன்னுக்கும் கீழே போனது. இதில் இளம் மத்தியைப் பிடித்ததற்கும் பங்கு உண்டு, எல் நினோவால் கடல் சூடாகி இரை குறைந்ததற்கும் பங்கு உண்டு. தண்ணீர் மாறும்போது வலையும் அதே வேகத்தில் இயங்கினால் சரிவு ஆழமாகும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கடல் மீனுக்கு விதை கடலிலேயே மிஞ்சும் தாய்மீன்தான், வரம்புக்குள் பிடித்தால் தாங்கும், தாண்டியதை மொத்தப் பிடி சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. இனி வலைகளைப் பார்ப்போம்.

இழுவை மடி

ஒரு வலையை மட்டும் முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இராமேஸ்வரம், மண்டபம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் விசைப்படகுகள் பெரும்பாலும் இழுப்பது இதைத்தான்.

வலை கூம்பு வடிவம். அகன்ற வாய் முன்னால், குறுகிய மடி பின்னால். வாயின் மேல் கயிற்றில் மிதவைகள், கீழ்க் கயிற்றில் ஈயக்குண்டுகளும் சங்கிலியும். படகிலிருந்து இரண்டு இரும்பு வடங்கள் இறங்கும். ஒவ்வொரு வடத்திலும் ஒரு கனத்த பலகை. படகு நகரும்போது தண்ணீரின் அழுத்தம் இரு பலகைகளையும் இரு பக்கமாகத் தள்ளும். அதனால்தான் வலையின் வாய் விரிந்தே இருக்கிறது. பலகைகள் தரையைக் கீறிக்கொண்டு போகும்போது சேற்றுப் புகை கிளம்பும். அந்தப் புகைச்சுவருக்கு மிரண்டு மீன்கள் நடுவில் ஒதுங்கும். வலையின் வாய்க்கு முன்னால் அவை படகின் வேகத்துக்கு நீந்திக்கொண்டே போகும். களைத்ததும் பின்வாங்கி மடிக்குள் விழும். தரையை ஒட்டிக் கிடக்கும் இறாலைக் கீழ்ச் சங்கிலி தட்டி எழுப்பும். இதற்காகவே இந்த வலை நம் கரைக்கு வந்தது. 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளத்தில் விசைப்படகுகளை அறிமுகப்படுத்தியது. வெளிநாட்டில் இறாலுக்குக் கிடைத்த விலை, அடுத்த இருபது ஆண்டுகளில் இழுவை மடியை இரு கரைகளிலும் பரப்பிவிட்டது.

இதன் கேடுகள் மூன்று விதம். முதலாவது, தரை. கடலடி வெறும் மணல் அல்ல. கடற்புல், பவளம், சிப்பி, புழு, நண்டு எல்லாம் அங்கேதான். சேற்றுத் தரை ஓரளவு சீக்கிரம் தேறும்; கடற்புல்லும் பவளமும் அப்படித் தேறாது. பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) வலை கிழியாமல் உருண்டு போகட்டும் என்று உருளை கட்டிய ரோலர் மடியும் புழக்கத்தில் இருந்திருக்கிறது. மீன் ஒதுங்கும் பாரையே அது தேடிப்போய் இழுத்தது. கலங்கிய சேறு வெளிச்சத்தை மறைப்பதால், வலை தொடாத புல்லும் வாடும்.

இரண்டாவது, உடன்பிடி. குறிவைத்த மீனோடு சேர்ந்து சிக்குகிற மற்ற எல்லாவற்றையும் இப்படிச் சொல்வோம். இறாலுக்கு இழுத்தால் காரல், கிளாத்தி, குட்டி நண்டு, கடல்குதிரை, நாளைக்கு விளமீனாகவும் பாறை மீனாகவும் ஆக வேண்டிய குஞ்சுகள் என எல்லாமே வரும். ஒரு காலத்தில் இதைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தார்கள். இப்போது மீன்தூள் ஆலைகளும் கோழித்தீவனமும் இதற்கு விலை கொடுக்கின்றன. வீணாகவில்லையே என்று தோன்றும். என் கணிப்பில் நிலைமை இதனால் மோசமாகத்தான் ஆனது. விலையில்லாத காலத்தில் சங்காயம் படகுக்காரருக்குத் தொல்லை, அதைக் குறைக்கப் பார்ப்பார். டீசல் செலவில் ஒரு பகுதியை அதுவே ஈடுகட்டும்போது குறைக்க என்ன அவசியம்?

உடன்பிடியில் பங்குனி ஆமைகளும் உண்டு. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. மடிக்குள் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரி, பிப்ரவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. வலைகளில் சிக்கி மூச்சடைத்ததே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. மடிக்கு முன்னால் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தி, மேலே ஒரு திறப்பு வைத்தால், இறால் கம்பிகளின் இடைவெளியில் புகுந்து மடிக்குப் போகும், ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியாக வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே ஒன்றை வடிவமைத்திருக்கிறது. பெரிய மீனும் அந்த வழியாகத் தப்பிவிடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். வலைகளில் இந்தக் கம்பிச் சட்டம் இல்லாத காரணத்தால் இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019-இல் நிறுத்தியது.

மூன்றாவது, வலைக்கண். பெரிய கண் வைத்தால் குஞ்சு தப்பிவிடும் என்று எல்லோரும் நினைப்போம். கண் வைர வடிவில் இருந்தால் அது பாதி உண்மைதான். மடியில் மீன் சேர்ந்து கனக்கும்போது வலை நீளவாக்கில் இழுபடும். வைரக்கண்கள் ஒடுங்கி மூடிக்கொள்ளும். கரையில் அளந்தால் விதிப்படி சரியாக இருக்கும் கண், கடலுக்குள் குஞ்சைக்கூட விடாது. அதே வலையைத் திருப்பிப் போட்டுச் சதுரக்கண்ணாகப் பின்னினால் இழுக்கும்போதும் கண் திறந்தே இருக்கும். மடியில் சில முழத்துக்குப் பின்னலை மாற்றுகிற வேலைதான் இது. இழுவை மடி பற்றிய சண்டைகளில் இந்தச் சின்ன விஷயம் ஏனோ அடிபடுவதே இல்லை.

இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே பெரிய வலையை இழுப்பது இரட்டைமடி. வாயை விரிக்கப் பலகை தேவையில்லை, படகுகளே விரித்துக்கொள்ளும். வாரும் பரப்பு பல மடங்கு. தமிழ்நாட்டில் இது தடை செய்யப்பட்டது. ஆனாலும் இரட்டைமடிப் படகு பிடிபட்ட செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

சுருக்குமடி: வேறு வகைப் பிரச்சினை

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மேல்தண்ணீரில் கூட்டமாகத் திரியும் மீனுக்கு இது. கூட்டத்தைக் கண்டதும் நீளமான வலையை வட்டமாக விடுவார்கள். வலையின் அடியில் வளையங்கள், அவற்றின் ஊடாக ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் அடிப்பக்கம் சுருங்கி மூடிக்கொள்ளும். கூட்டம் முழுவதும் உள்ளே.

ஆழமான தண்ணீரில் இது தரையைத் தொடாது. ஒரே இனக் கூட்டத்தை வளைப்பதால் உடன்பிடியும் ஒப்பளவில் குறைவு. மணிக்கணக்கில் வலையை இழுக்க வேண்டியதில்லை. கிலோவுக்குச் செலவாகும் டீசல் இழுவை மடியைவிடக் கம்மி. பிறகு ஏன் எதிர்ப்பு? ஒரே வளைப்பில் டன் கணக்கில் போய்விடும். அதே கூட்டத்தை நம்பிச் சின்ன வலையோடு போன நாட்டுப்படகுக்காரர் வெறும் படகோடு திரும்புவார். கூட்டம் குஞ்சுக் கூட்டமாக இருந்தால் ஒரு தலைமுறையே போகும். ஆக, இழுவை மடியில் எதையெல்லாம் பிடிக்கிறது என்பது கேள்வி. சுருக்குமடியில் எவ்வளவு, யாருக்கு என்பது கேள்வி.

தமிழ்நாடு 2000-ஆம் ஆண்டில் சுருக்குமடிக்குத் தடை விதித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவில் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரு நாட்கள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை அனுமதித்தது. "சுருக்குமடி கடலை அழிக்கிறது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் பங்கீட்டுச் சண்டையைச் சுற்றுச்சூழல் மொழியில் பேசுகிறார்கள். பங்கீடும் நியாயமான கேள்விதான். அதை அந்தப் பெயரிலேயே கேட்கலாம்.

வழிவலை, தூண்டில், மற்றவை

வழிவலை தண்ணீரில் சுவராகத் தொங்கும். மீன் தலையை நுழைத்ததும் செவுள் மாட்டிக்கொள்ளும். கண்ணை விடச் சின்ன மீன் புகுந்து போய்விடும், மிகப் பெரியதற்குத் தலையே நுழையாது. அதனால் அளவு பார்த்துப் பிடிக்கும் நல்ல வலை என்று பெயர். ஆமையும் கடல்பசுவும் ஓங்கிலும் (டால்பின்) சிக்குவது இதன் குறை. பருத்தி நூல் காலத்தில் தொலைந்த வலை மக்கிவிடும். இப்போதைய நைலானும் தங்கூசியும் மக்குவதில்லை. அறுந்துபோன வலை ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டு கிடக்கும். இதைப் பேய்வலை என்கிறார்கள். பவளப் பாரில் சுற்றிக்கொண்டால் அதையும் உடைக்கும்.

ஆயிரங்கால் தூண்டில் என்பது நீண்ட தாய்க்கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைத் தொங்கவிடுவது. சூரைக்கும் சுறாவுக்கும் போடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் இதில் பேர்போனவர்கள். வாரக்கணக்கில் தங்குகடல் போவார்கள். தரைக்குக் கேடில்லை. சுறா இருப்புக்குத்தான் கேடு. கைத்தூண்டில், நண்டு வலை, கரைவலை, கூடு எல்லாம் அளவில் சிறியவை. ஆனாலும் நாட்டுப்படகு என்றாலே குற்றமற்றது என்று முத்திரை குத்த வேண்டாம். கொசுவலைக் கண்ணில் கரையோரம் குஞ்சு பிடித்தால், படகு சின்னது என்பதால் குஞ்சு பிழைத்துவிடாது.

பாக் விரிகுடாவில் என்ன நடக்கிறது

மதுரைத் தட்டில் விழும் மீனில் நல்ல பங்கு வருகிற கடல் இது. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. வெளிச்சம் அடிவரை போவதால் கடற்புல் செழிக்கிறது. இறாலுக்கும் நண்டுக்கும் மீன் குஞ்சுக்கும் அதுவே வளரிடம். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடல்பசுவுக்கு அந்தப் புல்தான் சாப்பாடு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டி போடும் பிராணி அது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பை அதற்கான பாதுகாப்பகமாக அறிவித்தது.

இப்படி ஆழமற்ற, புல் நிறைந்த குறுகிய கடலில்தான் இழுவை மடி பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. கரையிலிருந்து சில கடல் மைல் வரை விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. மறுபக்கம் பன்னாட்டுக் கடல் எல்லை, அதுவும் இராமேஸ்வரத்துக்கு மிக அருகில். நடுவில் மிஞ்சுகிற பட்டை அத்தனை படகுகளுக்குப் போதாது. கடன் வாங்கிக் கட்டிய படகு கரையில் நிற்க முடியாது, எல்லை தாண்டுகிறது. அந்தப் பக்கம் உள்நாட்டுப் போர் 2009-இல் முடிந்தபின் மறுபடி தொழிலுக்கு வந்த யாழ்ப்பாணம், மன்னார் தமிழ் மீனவர்களின் வலைகள் நம் இழுவை மடியில் அறுபடுகின்றன. இலங்கை 2017-இல் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. நமக்குச் செய்தியில் தெரிவது கைதும் படகுப் பறிமுதலும் மட்டும்தான். அதன் அடியில் இருப்பது, ஒரு வலை தன் பக்கத்துத் தரையில் தேய்த்துத் தீர்த்த மீன்.

மாற்றாக 2017-இல் ஒரு திட்டம் வந்தது: இழுவைப் படகை ஒப்படைத்தால், சுமார் 80 லட்சம் ரூபாய் மதிப்பில் தூண்டிலும் வழிவலையும் கொண்ட ஆழ்கடல் படகு, 70 சதவீத மானியத்தில். காகிதத்தில் நல்ல திட்டம். காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவர்கள் நாள்கணக்கில் சூரை தேடிப் போக வேண்டும். அதற்கு வேறு திறமை, வேறு துறைமுகம், வேறு சந்தை. திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் நகராததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தடைக்காலம் எதற்கு

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-இல் நீட்டிக்கப்பட்டது. தடை விசைப்படகுகளுக்கு மட்டும், நாட்டுப்படகு போகலாம். கேரளத்தின் தடை ஜூன் 9-இல்தான் தொடங்குகிறது என்பதால் அங்கிருந்தும் லாரி வரும். ஆகவே அந்த மாதங்களில் கரிமேட்டில் கடல் மீனே இல்லாமல் போவதில்லை, விலைதான் ஏறும்.

"மீன் முட்டையிடும் காலம், அதான் தடை" என்பது வழக்கமான விளக்கம். வெப்பக் கடலில் மீன்கள் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. பல இனங்கள் ஆண்டின் பெரும்பகுதி இடும். தடையின் பெரிய பலன் வேறு: ஆண்டு முயற்சியில் இரண்டு மாதம் குறைகிறது, தரைக்கு ஓய்வு கிடைக்கிறது, குஞ்சுகள் கொஞ்சம் வளர்கின்றன. ஜூன் நடுவில் எல்லாப் படகும் ஒரே இரவில் இறங்கும்போது அந்த வளர்ந்த குஞ்சுதான் முதலில் மடியில் விழுகிறது. வலைக்கண் சரியில்லாமல் தடைக்காலம் மட்டும் இருந்தால் பாதி பலன்தான்.

வளர்ப்பு மீனுக்கு மாறினால் சரியாகுமா

கட்லா, ரோகு பெரும்பாலும் தவிட்டிலும் பிண்ணாக்கிலும் வளர்பவை. கடலோடு அவற்றுக்கு ஒட்டுறவு குறைவு. வளர்ப்பு இறால் அப்படியல்ல, அதன் தீவனத்தில் மீன்தூள் உண்டு. மீன்தூளில் சங்காயமும் குஞ்சு மத்தியும் உண்டு. பண்ணை இறால் சாப்பிடுகிறவரும் கடலிலிருந்து முழுக்க விலகிவிட முடியாது.

கடையில் நிற்கும்போது என்ன தெரியும்

எந்த வலையில் பிடித்தது என்று மதுரையில் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. ஏலக்கூடத்திலேயே பல படகு மீன் கலந்துவிடும். சில அடையாளம் உண்டு: வழிவலை மீனுக்குச் செவுளை ஒட்டி நூல் தடம் தெரியும், தூண்டில் மீனின் வாய் ஓரம் கிழிந்திருக்கும், இழுவை மடியில் நசுங்கிய மீனுக்குச் செதில் உதிர்ந்திருக்கும். பெட்டி மாறி ஐஸ் உரசியபின் இவற்றையும் முழுதாக நம்ப முடியாது.

நிச்சயமாகத் தெரிவது அளவு. கைவிரல் நீளச் சங்கராவும் சீலாக்குட்டியும் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது வளராத மீன். நெத்தலிக்கும் காரலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவை வளர்ந்தாலே அவ்வளவுதான்.

நண்டில் இன்னும் எளிது. பாக் விரிகுடாவிலிருந்து வரும் நீலக்கால் நண்டில் ஆண் நீலமாக இருக்கும், வயிற்று மடல் குறுகிக் கூராக இருக்கும். பெண் பழுப்புப் பச்சை, மடல் அகன்று வட்டம். சினை நண்டு என்று நாம் விரும்பிக் கேட்பதில் மடலுக்கு வெளியே திரண்டிருப்பது முட்டைக் கொத்து. மஞ்சளாக இருந்தால் புதிது, கறுத்திருந்தால் சில நாளில் பொரிந்து கடலில் கலந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரரிடம் ஆண் நண்டாகப் பார்த்து எடுத்துப் போடச் சொல்லலாம்.